முன்னால் வர வேண்டிய பிகாஸ்

போன வாரம் திருத்தணியில் காலை மின்சார ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு பெண், மடியில் ஃபைல். பி.காம். முடித்துவிட்டுச் சென்னைக்கு முதல் இன்டர்வியூவுக்குப் போகிறாள். உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவள், அரக்கோணம் தாண்டியதும், "சார், நான் பேசுறதைக் கொஞ்சம் கேட்கிறீங்களா?" என்றாள். முப்பது வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் வேறென்ன சொல்வேன்?

"ஐ ஆம் ஃப்ரம் திருத்தணி. மை ஃபாதர் இஸ் எ வீவர். ஐ ஸ்டடீட் பி.காம். ஐ லைக் அக்கவுன்ட்ஸ்." ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒட்டே இல்லை. இடையிடையே ஒரு திணறல், ஒரு 'தென்'.

"இதையே தமிழ்ல சொல்லும்மா."

"அப்பா தறி ஓட்டுறவரு சார். நூல் கணக்கு, கூலிக் கணக்கெல்லாம் சின்ன வயசுலேர்ந்து நான்தான் எழுதிக் கொடுத்ததால கணக்கு மேல ஒரு ஆசை வந்து, அதுக்காகவே பி.காம். சேர்ந்தேன். நடுவுல வீட்ல கஷ்டம்னாலும் படிப்பை விடலை."

தறிக்கும் பட்டத்துக்கும் உள்ள உறவு தமிழில் தெரிகிறது. ஆங்கிலத்தில் அது காணாமல் போயிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் இல்லை. இணைப்பை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

தமிழில் இணைப்பு வாலில் இருக்கிறது. எழுதியதால், வந்து, போனால், இருந்தாலும் என எல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டி வரும் இடைச்சொல் தனியாக நிற்காது என்று சொல்லி, தொல்காப்பியர் அதற்கென்று ஓர் இயலே வைத்தார். திருத்தணி, 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே நிறைய. அவர்களுக்கும் இதே கதைதான். 'வச்சி' (வந்து), 'வஸ்தே' (வந்தால்) என்று தெலுங்கும் வாலில்தான் முடிச்சுப் போடுகிறது.

ஆங்கிலத்தில் பிகாஸ், இஃப், தோ எல்லாம் தாம் இணைக்கும் துணை வாக்கியத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். தமிழில் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது அது காரணமா, நிபந்தனையா, முரணா என்று தீர்மானித்தால் போதும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்குமுன்பே தீர்மானித்தாக வேண்டும். நம் பிள்ளைகள் திணறுவது சரியாக அந்த இடத்தில். அதைக் கூச்சம் என்று நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். முடிவை முதலில் சொல், பிறகு பிகாஸ் போடு, அப்புறம் காரணத்தைச் சொல். "ஐ சோஸ் பி.காம். பிகாஸ் ஐ கெப்ட் மை ஃபாதர்ஸ் அக்கவுன்ட்ஸ்." இரண்டு முறை தடுமாறினாள். மூன்றாம் முறை வந்துவிட்டது. அடுத்து, "தோ வீ ஹேட் ப்ராப்ளம்ஸ் அட் ஹோம், பட் ஐ..." என்றாள். தோ போட்டால் பட் வேண்டாம். ஆங்கிலத்துக்கு ஒரு முடிச்சுப் போதும்.

நூறு இணைப்புச் சொற்கள் என்று அச்சடித்துக் கொடுக்கும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. மோரோவர், ஃபர்தர்மோர், நெவர்தலெஸ் எல்லாம் எழுத்துக்கு உரியவை. இன்டர்வியூ மேசை முன்னால் அவை மனப்பாட வாசனை அடிக்கும். பிகாஸ், ஸோ, பட், தோ, ஆஃப்டர் தட், ஃபார் எக்ஸாம்பிள். இந்த ஆறும் கைக்கு வந்தால் ஒரு வாழ்க்கையையே சொல்லிவிடலாம்.

எண்ணங்களை இணைத்துப் பேசுவதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. தெலுங்குக் குடும்பத்தில், 1888இல் இதே திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவருக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கற்ற மொழிதான். 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவாற்றினார். பத்து வருடம் கழித்து அங்கேயே பேராசிரியர் ஆனார். 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய பேச்சை எடுத்துப் படியுங்கள். பிரிட்டிஷார் விலகுவதைப் பாராட்டுகிறார்; அங்கிருந்து, நாம் அடிமைப்பட்டதற்கு நம் குறைகளும் காரணம் என்று திரும்புகிறார்; இனி அவர்கள் மேல் பழி போட முடியாது, ஊழலை ஒழிக்காமல் நல்லாட்சி வராது என்று எச்சரிக்கிறார். பாராட்டு எப்படிச் சுயவிமர்சனமாக மாறுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு எண்ணமும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பெரிய சொற்களை விட அந்தப் பிடிதான் கற்க வேண்டியது.

பள்ளியில் 'லிங்க்கர்' கேள்விக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள்தான் ரயிலில் திணறுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆடிக் கிருத்திகைக்கு உன் வீட்டில் யார் காவடி எடுத்தார்கள், திருத்தணி முருகன் கோயிலின் 365 படியும் ஏறினார்களா, எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். முதலில் தமிழிலோ தெலுங்கிலோ முழுதாகச் சொல்ல விடுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி, "ஒய்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள்.