விஞ்ஞானத்தின் கையில் விபூதித் தட்டு

படம் பிடிக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தவன் எந்த ரிஷியும் அல்ல. ஆகாய மார்க்கமாக உருவத்தை அனுப்பி வீட்டுக்குள் காட்டும் வித்தையை எந்த அவதார புருஷனும் சொல்லிக் கொடுக்கவில்லை. சோதனை செய்து, தவறு கண்டு, திருத்தி, மறுபடியும் சோதித்த மனிதர்களே இவற்றை உலகத்துக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட யந்திரம் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் நாம் அதற்குக் கொடுத்த வேலை என்ன? 1913ல் பால்கே எடுத்து வெளியிட்ட, இந்தியாவின் முதல் முழுநீளப் படமென்று சொல்லப்படுவது "ராஜா அரிச்சந்திரா". முனிவனுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பெண்டாட்டி பிள்ளையை விலை கூறி விற்ற கதை! அன்று விஞ்ஞானத்தின் கையில் கொடுத்த விபூதித் தட்டை இன்றுவரை நாம் கீழே வைக்க விடவில்லை.

இதற்கு அத்தாட்சியாக, ராமாயணம் என்கிற ஒரே சரக்கு படக்கதையிலும், டெலிவிஷனிலும், சினிமாவிலும் எப்படி விற்கப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, படக்கதை. 1967ல் "அமர் சித்திரக் கதை" என்னும் வரிசையை அனந்த் பை என்பவர் ஆரம்பித்தார். டெலிவிஷன் வினா விடைப் போட்டி ஒன்றில் ராமனுடைய தாயார் பெயரைப் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை என்று கண்டு வருந்தியே இதைத் தொடங்கியதாக அவர் சொல்லி வந்தார். நல்லது. அந்தப் பிள்ளைகளுக்குக் காலரா எதனால் வருகிறது, கிரகணம் எப்படி உண்டாகிறது, தெருக் கூட்டுகிறவன் மகன் ஏன் தெருக் கூட்டவே போகிறான் என்பது தெரியுமா, தெரியாதா என்று வருந்தியவர் யார்? அதே வரிசையில் 1979ல் அம்பேத்கர் சரித்திரமும் வந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புராணப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். அசுரன் என்றால் பெரும்பாலும் கறுத்த தடித்த உடம்பு, கோரைப் பல். நம் வீட்டுக் கறுத்த பிள்ளை அதைப் படிக்கும்போது தன் நிறத்தை யார் பக்கத்தில் காண்கிறது? ஏழு வயதில் கண்ணால் குடித்த விஷத்தை எழுபது வயதிலும் கக்க முடியுமா?

இரண்டாவது, டெலிவிஷன். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறுதோறும் காலையில் சர்க்கார் தூர்தர்ஷனில் ராமாயணம் காட்டப்பட்டது. ஜனங்கள் ஸ்நானம் செய்துவிட்டுப் பெட்டிக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தினார்கள். சீதை வேஷம் போட்டவரும் ராவணன் வேஷம் போட்டவரும் 1991 தேர்தலில் ஒரே கட்சியின் பேரால் பார்லிமெண்டுக்குப் போனார்கள். கதையில் பகையாளிகள், ஓட்டுப் பெட்டியில் பங்காளிகள்!

இதைவிட வேதனையான சங்கதி ஒன்று உண்டு. பட்டாபிஷேகத்தோடு கதை முடியப் போகிறது என்று தெரிந்ததும், 1988ல் பஞ்சாப் முதலிய வடநாட்டுப் பகுதிகளில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக அல்ல; உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டுமென்று! அவர்கள் தங்களை வால்மீகி வழியினர் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள். அந்தக் காண்டத்தில் வால்மீகியே வருவதால், தங்களுக்கும் ஒரு மதிப்புக் கிடைக்குமென்று நம்பினார்கள். பிறகு அதுவும் காட்டப்பட்டது. ஆனால் தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் என்கிற சூத்திரனை ராமன் வெட்டிக் கொன்றதாக வருவதும் அதே உத்தர காண்டத்தில்தான்! தோழர்களே, அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மானத்துக்காக ஏங்குகிறவனை, அவன் மானத்தைப் பறித்தவன் வாசலிலேயே கையேந்தி நிற்க வைத்திருக்கிறதே, அதுதான் இந்தக் கதைகளின் சாமர்த்தியம்.

அதே தொடரை 2020 மார்ச் 28ந் தேதி முதல் மறுபடியும் காட்டினார்கள். ஏப்ரல் 16ந் தேதி மட்டும் 7 கோடி 70 லட்சம் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் பெருமை அடித்துக் கொண்டது. கொரோனா ஊரடங்கில் கூலி வேலைக்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்து கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் வனவாசத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

மூன்றாவது, சினிமா. 2023 ஜூனில் "ஆதிபுருஷ்" வந்தது. ராமாயணம் நடக்குமிடமெல்லாம் அனுமார் வருவாராம். ஆகவே கொட்டகைதோறும் ஓர் ஆசனம் அவருக்குக் காலியாக விடப்படும் என்று படமெடுத்தவர்கள் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு குரங்கை உண்டாக்கியவர்களே அந்தக் குரங்குக்கு நாற்காலியும் போட்டார்கள்! பிறகு அனுமார் பேச்சு கொச்சையாக இருக்கிறதென்று பக்தர்களே கூச்சலிட, சில நாளில் வசனத்தை மாற்றினார்கள். கடவுள் வாக்கை வசனகர்த்தா மாற்றலாம். கடவுள் பேரால் உள்ள ஜாதியை மட்டும் மனிதன் மாற்றக் கூடாதாம்!

இனி மறுபக்கம். "அன்னபூரணி" என்ற தமிழ்ப் படம் 2023 டிசம்பரில் வந்தது. ஸ்ரீரங்கத்துப் பார்ப்பன வீட்டுப் பெண் சமையல் நிபுணராவதற்காக மாமிசம் சமைக்கக் கற்கிறாள். ராமனும் மாமிசம் புசித்ததாக வால்மீகியில் இருக்கிறதென்று ஒரு பாத்திரம் சொல்லுகிறது. ஆட்சேபித்தவர்கள் வால்மீகியைப் புரட்டிக் காட்டி மறுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் போலீசுக்குப் போனார்கள். 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் படத்தை எடுத்துவிட்டது. படக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இது புதிதுமல்ல. பெரியார் ராமாயணத்தைப் பற்றி எழுதிய நூலின் ஹிந்தி மொழிபெயர்ப்பை 1969ல் உத்தரப் பிரதேச சர்க்கார் பறிமுதல் செய்தது. அந்த உத்தரவை 1971ல் அலகாபாத் ஹைகோர்ட்டு ரத்துச் செய்ய, 1976ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

நம்புகிறவனுக்குச் சர்க்கார் டெலிவிஷன். கேட்கிறவனுக்குப் போலீசும் பறிமுதலும். கேள்விக்குப் பயப்படுகிற கதை எப்படி உண்மையாகும்?

ஆனால், சினிமாவே வேண்டாம் என்பது நம் கொள்கையல்ல. அதே யந்திரத்தைக் கொண்டுதான் 1949ல் அண்ணாவின் "வேலைக்காரி" வந்தது. 2021ல் இருளர் மக்கள் பட்ட போலீஸ் கொடுமையைச் சொன்ன "ஜெய் பீம்" வந்தது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும். பிடித்திருப்பது யார் என்பதே கேள்வி.

ஆகவே பாருங்கள், படியுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளையும் பெண்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: இந்தக் கதையில் பாடுபட்டவன் யார், பலனடைந்தவன் யார்? சந்தேகப்பட்டவன் ஆண், தீயில் இறங்கியவள் மட்டும் ஏன் பெண்? கெட்டவனுக்கு ஏன் நம்முடைய நிறம்? இந்தக் கேள்விகள் நம் திண்ணைகளில் கிளம்பிவிட்டால், விபூதித் தட்டு தானாகவே கீழே விழும்.