மதிப்பெண் ஏறியது, மூளை வளர்ந்ததா?

கோடை விடுமுறை நெருங்கினால் சேலம் ஐந்து ரோட்டிலும் திருச்செங்கோட்டுக் கடைவீதியிலும் அபாகஸ் வகுப்பு, ஞாபகசக்திப் பயிற்சி, மூளைத்திறன் விளையாட்டு என்று தட்டிகள் முளைத்துவிடுகின்றன. செல்போன் செயலிகள் தனி. உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கவும் தயங்காத பெற்றோர் நிறைய. தறி ஓட்டுகிறவரும் லாரிப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவரும்கூட, பிள்ளையின் மூளை கூர்மையாகும் என்று சொன்னால் கட்டணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து வகுப்பிலிருந்து ஒரு தாள் வரும். சேர்ந்த அன்று எடுத்த மதிப்பெண் ஒரு பக்கம், இன்றைய மதிப்பெண் மறுபக்கம். ஏறியிருக்கும்.

அந்த ஏற்றம் எதைக் காட்டுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முட்டைக்கோழி ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 30 வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். இருபதாவது வாரத்தில் புதுத் தீவனத்தைக் கொடுத்துவிட்டு, பத்து வாரம் கழித்து "முட்டை கூடிவிட்டது பாருங்கள்" என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து நின்றால், நாமக்கல்லில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதே வயதுக் கோழிக்குப் பக்கத்து ஷெட்டில் பழைய தீவனம் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதுதான் வளரும் பருவம். வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒரு வருடத்தில் கணக்கில் வேகம் கூடும், கவனம் நிலைக்கும். போதாததற்கு, ஒரே மாதிரியான தேர்வை இரண்டாவது முறை எழுதும்போது யாருக்கும் கை பழகிவிடும். மதிப்பெண் தாளில் வயது, பழக்கம், பயிற்சி மூன்றும் கலந்துதான் கிடக்கின்றன. வயது தந்தது எவ்வளவு, பழக்கம் தந்தது எவ்வளவு, பயிற்சி தந்தது எவ்வளவு என்று பிரிக்க, பயிற்சி பெறாத பிள்ளைகளின் கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. குஜராத்தின் வதோதராவில் 5 முதல் 7 வயதுவரை இருந்த 204 மாணவர்களை, அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர் டேவிட் பார்னரின் குழு சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு அபாகஸ் மணிச்சட்டத்தை மனத்திலேயே ஓட்டிக் கணக்குப் போடும் பயிற்சி, மற்ற பிரிவுக்கு வழக்கமான கணக்குப் பாடம். மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. அபாகஸ் கற்ற பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் மற்றவர்களை முந்தினார்கள். அது மெய்யான பலன், பாராட்ட வேண்டியது. ஆனால் ஞாபகத்தைத் தாங்கும் அடிப்படைத் திறனில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தோன்றவில்லை. உருவங்களை மனத்தில் நிறுத்தும் திறன் சேரும்போதே நன்றாக இருந்த பிள்ளைகள்தான் அபாகஸையும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அபாகஸில் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்த்து, அபாகஸ்தான் அவனைக் கெட்டிக்காரன் ஆக்கியது என்று நாம் எண்ணுவது எப்படித் தலைகீழாகப் போகலாம் என்பதை இந்த ஒரு ஆய்வு காட்டிவிடுகிறது.

மனப்பயிற்சியின் வீச்சு குறுகியது என்பது பழைய செய்தி. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், வாசிக்கப்படும் எண்களைத் திருப்பிச் சொல்லப் பழகினார். தொடக்கத்தில் ஏழு எண். 230 மணி நேரத்துக்கும் மேல் பழகிய பிறகு 79 எண். ஓட்டப்பந்தய வீரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் அடுக்கினார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளை வாசித்தபோது, ஆறு ஏழு எழுத்தோடு நின்றுவிட்டார். 1980இல் வெளியான ஆய்வு இது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு ஆராய்ந்து 2025இல் எழுதியதும் இதே திசையில்தான் நிற்கிறது. கிலோக் கணக்கையும் மீதிச் சில்லறையையும் மனக்கணக்காகவே சொல்லும் சிறுவர்கள், அதே கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தந்தால் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

எதிர்பார்ப்பும் மதிப்பெண்ணை ஏற்றும். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகைத் துண்டறிக்கை ஒட்டி ஆள் சேர்த்தார்கள். ஒன்று, மூளைப்பயிற்சி அறிவைக் கூட்டும் என்றது. மற்றது, ஆய்வுக்கு ஆள் தேவை என்று மட்டும் சொன்னது. இரு கூட்டத்துக்கும் ஒரே பயிற்சி, ஒரு மணி நேரம்தான். முதல் அறிக்கையைப் பார்த்து வந்தவர்கள் அறிவுத்திறன் தேர்வில் 5 முதல் 10 புள்ளிக்குச் சமமான ஏற்றம் காட்டினார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஏற்றமே இல்லை. நம் தட்டிகள் எல்லாம் முதல் வகை அறிக்கைகள்.

முதியவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், பகுத்தறிதலிலும் பார்வை வேகத்திலும் பயிற்சி தந்த பலன் பத்தாண்டு கழித்தும் ஓரளவு நின்றது. ஆனாலும் எதில் பயிற்சியோ அதில்தான் பெரும்பாலும் முன்னேற்றம். லுமோசிட்டி என்ற மூளைப்பயிற்சிச் செயலியோ படிப்பு, வேலை, மறதி எல்லாவற்றுக்கும் உதவும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற வழக்கில், 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சேலம், நாமக்கல் பள்ளிகள் நினைத்தால் பயிற்சியின் பலனைச் சோதிக்க வழி எளிது. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் பருவத்தில் பயிற்சி, மீதிப் பேருக்கு அடுத்த பருவத்தில். யார் எப்போது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யலாம், யாருக்கும் இழப்பில்லை. பயிற்சியில் வராத கேள்விகளைக் கொண்டு, யார் பயிற்சி பெற்றவர் என்று தெரியாத ஆசிரியர் திருத்தினால், முதல் பருவ முடிவிலேயே உண்மை தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத பயிற்சி நிறுவனத்தைப் பள்ளி வாசலில் விடக் கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பதாகச் சொல்லும் நடுமூளைத் தூண்டல் வகுப்புகளை எந்தச் சோதனைக்கும் காத்திராமல் ஒதுக்கிவிடலாம். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் அந்த வித்தை என்பதைப் பகுத்தறிவாளர்கள் பலமுறை அம்பலப்படுத்திவிட்டார்கள்.

பெற்றோர் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த வகுப்புக்கு வராத பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள்?" பதில் இல்லாமல் மூளை வளரும் என்று மட்டும் சொன்னால், அந்தத் துண்டறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.