உப்பளத்துப் பிள்ளைக்குப் பின்வாசல்தானா?



மரக்காணத்து உப்பளத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காணாத மில் தோழர்களுக்கும் வயல் தோழர்களுக்கும் சொல்கிறோம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை நிலம். உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்ததைப் பலகையால் வாரி, தலையில் சுமந்து கரையில் குவிக்க வேண்டும். விடியுமுன் இறங்கினால்தான் உச்சிவெயிலுக்கு முன் கரையேறலாம். காலில் புண் ஆறாது. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். தை, மாசியில் தொடங்கும் வேலை புரட்டாசியோடு நின்றுபோகும். ஐப்பசி மழை இறங்கினால் அளம் முழுதும் ஏரி. அப்புறம் அடுப்பு எரிவது கடனில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஆண்டு உப்பளத்துக் குடும்பங்கள் பட்ட பாட்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அளத்தில் கால் வெந்த தாய் தன் மகளிடம், "நீயாவது கம்ப்யூட்டர் படிச்சு நிழல்ல உட்காரும்மா" என்று சொன்னால் அதில் என்ன தப்பு? தப்பே இல்லை என்றுதான் சர்க்காரும் சொல்கிறது. "வழி இருக்கிறதே! பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படி, அங்கிருந்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்" என்கிறது. வழி இருப்பது உண்மை. அது எப்படிப்பட்ட வழி என்பதுதான் கேள்வி.

பத்தாம் வகுப்பு முடித்தால் டிப்ளமோ மூன்று ஆண்டு. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம். அவர்களுக்கு அது இரண்டாண்டுப் படிப்பு. பிறகு பி.இ.யில் மூன்று ஆண்டு. இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். கையில் காசும் கட்-ஆஃப் மார்க்கும் உள்ளவர் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவுக்குப் பிறகு நாலே ஆண்டில் பட்டம் வாங்குகிறது. அதே பிளஸ் டூ முடித்து, மார்க் போதாமல் பாலிடெக்னிக் போன நம் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் மூன்றும் ஐந்து ஆண்டு! இரண்டு ஆண்டு கம்ப்யூட்டரே படித்துவிட்டு வருகிறாள். கணக்கில் அதை ஓராண்டாகத்தான் வைக்கிறார்கள். டிப்ளமோவில் பாஸ் செய்த டேட்டா ஸ்ட்ரக்சரை, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாகப் பார்ப்பவள் போல பி.இ.யில் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். பணக்கார வீட்டுக்கு ஓர் ஆண்டு ஒரு காலண்டர். உப்பளத்து வீட்டுக்கு அது ஒரு முழு சீசன் கூலி.

அமெரிக்காவைப் புகழ்வதற்கு நமக்கு ஆசையில்லை. ஆனால் முதலாளிகளின் அந்தக் கோட்டையிலே கூட என்ன செய்தார்கள் தெரியுமா? 1960-ல் கலிபோர்னியா மாகாணம் உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டது. ஊருக்கு ஊர் இரண்டாண்டுக் கல்லூரி. அங்கே வருகிறவர் எவரையும் சேர்க்க வேண்டும். இரண்டாண்டு முடித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். படித்த இரண்டு அங்கே இரண்டாகவே எண்ணப்படும். அப்படி வருகிறவர்களுக்கு இடம் இருக்க வேண்டுமென்று, பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வகுப்பில் 40 பேர் என்றால் மேல் இரண்டு வகுப்பில் 60 பேர் இருக்கும்படி விகிதமே வகுத்தார்கள். அந்த இரண்டாண்டுக் கல்லூரிகளில் 1984 வரை படிப்புக் கட்டணமும் கிடையாது. அதன் பிறகு கட்டணம் போட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் பாதிவழியில் நின்றுபோவது அங்கும் உண்டு. முதலாளித்துவம் எங்கும் தன் குணத்தைக் காட்டத்தான் செய்யும். என்றாலும் இடம் ஒதுக்கிவிட்டு வழியைத் திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே? அனுமதிக்கப்பட்ட இடத்தில் 10 சதவிகிதம்! அறுபது பேர் வகுப்பில் ஆறே பேர். "முதலாண்டில் காலியான இடங்களும் உண்டே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். காலியிடம் எங்கே இருக்கிறது, ஐயா? ஆள் தேடாத கல்லூரியில், ஆள் தேடாத பாடத்தில். கம்ப்யூட்டர் வகுப்புதான் கலந்தாய்வில் முதலில் நிரம்பிவிடுகிறதே! நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் கேட்டு வரும் டிப்ளமோ பிள்ளைக்கு அந்த ஆறு இடம்தான் கதி. பந்தி முடிந்த பிறகு மிச்சமிருந்தால் சாப்பிடு என்பது அழைப்பாகுமா?

இன்னொரு விஷயம். 2021-ல் சட்டசபை ஒரு நல்ல சட்டம் செய்தது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இஞ்சினியரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம். அந்தப் பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சர்க்காரே ஏற்கும் என்றும் அந்த ஆண்டே அறிவித்தார்கள். ஆனால் சட்டத்தின் நிபந்தனையைப் பாருங்கள்: 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போன பையன் யார்? பிளஸ் டூ வரை காத்திருக்க வீட்டில் வசதியில்லாதவன். சீக்கிரம் ஒரு தொழில் கையில் இருக்கட்டும் என்று தகப்பன் அனுப்பியவன். அதே அரசுப் பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். ஏழ்மையின் காரணமாகப் பள்ளியை விட்டவனை, பள்ளியை விட்டாய் என்ற காரணம் காட்டியே வெளியே நிறுத்துகிறது இந்த ஏற்பாடு!

அவன் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் என்ன ஆகும்? 2017-ல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று விதித்தது. தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000. ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு, முதல் பட்டதாரிச் சலுகை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அண்ணன் பட்டம் வாங்கிவிட்ட வீட்டில் தங்கைக்கு அந்தச் சலுகை இல்லை. மழைக்காலத்தில் உப்பளக் குடும்பத்துக்கு நிவாரணம் என்று சர்க்கார் 2022-ல் கொடுக்கத் தொடங்கியது 5,000 ரூபாய். வேலையில்லாத அந்த மாதங்கள் முடியும் தருவாயில்தான் கல்லூரியின் இரண்டாவது தவணை வந்து நிற்கிறது! கட்டணத்துக்குத் தேதி குறிக்கிறவர்களுக்கு உப்பளத்தின் பஞ்சாங்கம் தெரியாது போலும்.

பாலிடெக்னிக்காவது எளிதில் கிடைக்கிறதா? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 500 பாலிடெக்னிக் இருக்கிறது. அரசு நடத்துவது ஐம்பதைச் சுற்றித்தான். மற்றவற்றில் பெரும்பாலும் தனியார் கடைதான். மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினால் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. பட்டம் பக்கத்தில்தான், அங்கே ஏறும் படிக்கட்டுதான் இல்லை.

ஏறியவனுக்கும் அடுத்த சோதனை மொழி. டிப்ளமோவில் வாத்தியார் பாதித் தமிழில் சொல்லிப் புரியவைத்தார். பி.இ.யில் எல்லாம் இங்கிலீஷ். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் இஞ்சினியரிங் தொடங்கியபோது சிவில், மெக்கானிக்கல் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஆகாதா? அந்த யந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றும் சைபரும். அது எந்தத் துரையின் தாய்மொழி?

சில மேதாவிகள் வேறு ராகம் பாடுவார்கள். "கம்ப்யூட்டர் வேலையே போய்க்கொண்டிருக்கிறது, 2025-ல் டி.சி.எஸ். கம்பெனியே 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததே! உப்பளத்துப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆசை?" என்பார்கள். இதைச் சொல்கிற கனவான் தன் மகனை எங்கே சேர்த்திருக்கிறார் என்று கேளுங்கள். வேலைக்கு ஆபத்து வந்தால் முதலில் விழுவது அரைகுறைப் படிப்போடு நிறுத்தப்பட்டவன்தான். டிப்ளமோவோடு நின்றால் கம்பெனி வாசலில் அப்ரண்டிஸ், ஒப்பந்தக் கூலி. மில் தோழர்களுக்கு இது புதுக் கதையா?

"ஒரு காலத்தில் நீங்களே கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே?" என்றும் சிலர் கிண்டல் செய்வார்கள். ஆம், 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்சூரன்ஸ் ஊழியர்கள் அந்த யந்திரத்தை உள்ளே விடாமல் இரவு பகலாகக் காவல் காத்தார்கள். அவர்கள் எதிர்த்தது பிழைப்பைப் பறிப்பதை. யந்திரத்தின் சூட்சுமத்தை உழைப்பாளியின் பிள்ளை கற்கக்கூடாது என்று நம்மில் யார் சொன்னது?

ஆகவே நாம் கேட்பது இவைதாம். அரசுப் பள்ளியில் பத்து வரை படித்து, பாலிடெக்னிக் வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு வருகிறவருக்கும் 7.5 சதவிகித இடமும் கட்டண உதவியும் வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் டிப்ளமோ பிள்ளைகளுக்கு 10 சதவிகிதத்தை உயர்த்த வேண்டும். மரக்காணம் கரையில் ஓர் அரசுப் பாலிடெக்னிக் வேண்டும். படித்துத் தேறிய பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லாமல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த சேர்க்கை தொடங்கும்போதும் அளத்தில் உப்பு வாரும் வேலை முடிந்திருக்காது. பெற்றோர் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைய முடியாது. அவர்களுக்காக நீங்கள் எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, சென்னை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்குநரகத்துக்கு ஒரு நகலும், உங்கள் தொகுதி சட்டசபை உறுப்பினருக்கு ஒரு நகலும் அனுப்புங்கள்.