தேய்த்த பல் திரும்ப வளராது!

போன மாதம் வடசேரியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "சித்தி, முன்பல்லு எட்டுக்கும் வெனீர் போடப்போறேன். அம்மைட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

'அழகுக்காக எதுக்குட்டி இதெல்லாம்?' என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தவள் அவள். மேல் முன்பல் ஒன்றில் நல்ல அடி. பல் விழவில்லை. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. அதிலிருந்து சிரித்தாலே கை வாய்க்குப் போய்விடும். "ஒரு பல்லுதானே, அத யாரு பாக்கா?" என்று சொல்லிச் சொல்லியே வீட்டுப் பெரியவர்கள் நாங்கள் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டோம்.

முதலில் போன கிளினிக்கில், அவள் சிரிப்பைக் கம்ப்யூட்டரில் திருத்திக் காட்டி, எட்டுப் பல்லுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். பல்லை எவ்வளவு தேய்ப்பார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "இன்னொரு டாக்டரையும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் மக்ளே" என்று, நாகர்கோவிலில் செயற்கைப் பல் பிரிவில் எம்.டி.எஸ். முடித்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அக்காவும் வந்தாள். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்கிறேன்.

வெனீர் என்பது என்ன?

பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு. பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பின்கஸ் என்ற பல் டாக்டர் இதைச் செய்துகொடுத்தார். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் ஓடு நன்றாகப் பிடிக்கும் என்ற வழி 1955-ல் வந்தது. 1980களில் போர்சலின் வெனீர் நிலைத்து நிற்கத் தொடங்கியது.

இரண்டு வகை உண்டு. கம்போசிட் வகையைப் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால், டீக்கறை பிடிக்கும், ஐந்தாறு வருடம் உழைக்கும். போர்சலின் வகையை லேபில் செய்துவர வேண்டும், செலவு அதிகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வரும். அதன் பிறகு? புதிதாக மாற்ற வேண்டும். இருபத்தைந்து வயதில் போட்டால், ஆயுளில் இரண்டு மூன்று முறை இந்தச் செலவு வரும்.

திரும்பாத பாதை

போர்சலின் ஓடு உட்கார இடம் வேண்டுமே! அதற்காகப் பல்லின் எனாமலைக் கொஞ்சம் தேய்ப்பார்கள். தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் மட்டும் போனால் போனதுதான். 'பிடிக்கலைன்னா எடுத்துடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். வெனீர் என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் தேய்த்து 'கேப்' மாட்டிவிடுவதும் நடக்கிறது. கேப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். "வெனீரா, கேப்பா? எவ்வளவு தேய்ப்பீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உமிக்கரி செய்த வேலை

"வீட்ல எது வச்சுப் பல்லு தேய்க்கீங்க?" என்று டாக்டர் கேட்டார். "உமிக்கரிதான். உப்பு சேத்து வச்சிருக்கேன்" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். நாஞ்சில் நாட்டில் நெல் அவித்த வீடுகளில் உமிக்கரிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால், உமி எரிந்த சாம்பலில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் போல அது எனாமலைத் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியும். வெள்ளையாக்கத் தேய்க்கத் தேய்க்கப் பல் மஞ்சளாவது இதனால்தான். இப்போது விற்கும் கரி பேஸ்ட்டுகளையும் யோசித்தே வாங்குங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

வெனீர் வெறும் ஆடம்பரம் என்றும் சொல்லிவிட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடால் பல்லில் பழுப்புக்கறை ஏறியவர்கள் எத்தனையோ பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே இந்தப் பிரச்னைக்காகத்தான். அப்படி ஆழமாகப் படிந்த கறைக்கும், முனை உடைந்த பல்லுக்கும் வெனீர் நல்ல தீர்வு.

ஈறு நோய், சொத்தை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள், நகம் கடிப்பவர்களுக்கு வெனீர் உடையக்கூடும். போட்ட பிறகு முறுக்கு, கரும்பை முன்பல்லால் கடிக்கக் கூடாது.

வெறும் கறைதான் என்றால் ஸ்கேலிங் போதும். அதனால் பல் ஆடும் என்பது தவறான பயம். அடுத்தபடி ப்ளீச்சிங். வெனீரின் நிறம் ப்ளீச்சிங்கில் மாறாது, அதனால் ப்ளீச்சிங்கை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்தே வெனீர் ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்குத் தயாராகிறவர்கள் மூன்று மாதம் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கடைசியில் என்ன ஆனது?

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "அந்த ஒரு பல்லுலதான் பிரச்னை. அடிபட்டு உள்ளே உயிர் போயிருக்கு. மற்ற ஏழும் நல்ல பல்லு, அதத் தேய்க்க எனக்கு மனசில்ல" என்றார். அந்தப் பல்லுக்கு ரூட் கெனால், பிறகு உட்பக்கமாக ப்ளீச்சிங். அதிலும் நிறம் வராவிட்டால் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீர். மற்றவற்றுக்கு ஸ்கேலிங்.

இரண்டு முறை ப்ளீச்சிங் முடிந்து, நிறம் பாதிக்கு மேல் தெளிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து ஒரு செல்ஃபி அனுப்பினாள். பல் தெரியச் சிரிக்கிறாள், கை வாயில் இல்லை. பன்னிரண்டு வருடம் முன்பே ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாமே என்று மனசு குத்தியது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்லில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டிவிடுங்கள்.

அக்கா மட்டும் உமிக்கரி டப்பாவை இன்னும் விடவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் அவளுக்குத்தான்!