தேனிலவும் தோட்டத்துப் பத்திரமும்

சூலூர்ப் பக்கத்துப் பங்கொன்றிலிருந்து ஒரு தாயார் சென்ற மாதம் நம்மைக் காண வந்திருந்தார். மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் நாள் வைத்து, கோவிலில் ஓலை வாசிக்கச் சொல்லவேண்டிய வேளை. ஆயினும் அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இல்லை. காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சீர் ஒண்ணும் வேண்டாம்னு பெருந்தன்மையாச் சொல்லிப்போட்டாங்க, ஐயா. ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரையும் பார்படோஸ்ங்கற தீவுக்கு அனுப்பி வெக்கோணுமாமுங்க. அது எங்கீங்க இருக்குது? எங்க வீட்டுக்காரரு தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு பாங்குக்குப் போயிட்டு வந்துட்டாரு" என்றார்.

அத்தீவு எங்கே இருக்கிறது என்பதற்கு விடை சொல்வது எளிது. தென் அமெரிக்காவின் வடக்கே, கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் அட்லாண்டிக்கைப் பார்த்துக் கிடக்கிறது. நீளம் 34 கிலோமீட்டர். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. மாப்பிள்ளைப் பிள்ளைக்கு இந்த ஊர்மேல் ஆசை பிறந்த காரணமும் விளங்காததன்று. 2024 ஜூன் 29 அன்று நம் நாட்டுக் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றது இத்தீவின் தலைநகராகிய பிரிட்ஜ்டவுனில்தான். அன்றிரவு தொலைக்காட்சியின்முன் விழித்திருந்த இளைஞர்கள் பலருடைய கண்ணில் அந்த ஊர் தங்கிவிட்டது.

நமக்கு இதில் நகைப்பு எழவில்லை. நம் தலைமுறைக்குத் தேனிலவு என்பதே புதுச்சொல். 1961-இல் ஸ்ரீதர் அப்பெயரிலேயே ஒரு படத்தைக் காஷ்மீரில் எடுத்து வெளியிட்டபோது, பார்த்துப் பெருமூச்சு விட்டவர் பலர், போனவர் சிலரே. கொங்கு நாட்டுப் புதுமணத் தம்பதிகளுக்கு வாய்த்ததெல்லாம் மறுவீடும், மாமன் வீடு சித்தி வீடு என்று மாறி மாறி உண்ட விருந்தும்தான். கொஞ்சம் வசதி படைத்தோர் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறி, 46 கிலோமீட்டரை அரைநாள் ஊர்ந்து கடந்து உதகைக்குப் போனார்கள். அந்த ரயில் 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்டது, இன்றும் ஓடுகிறது. விருந்துச் சுற்றில் புதுப்பெண்ணுக்கு அகப்படாத ஒன்று அந்த ரயில் பெட்டியில் அகப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: கணவனோடு பிறர் குறுக்கிடாமல் பேசும் பொழுது. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம், புதிதாய் மணம் முடித்தவனைப் போருக்கும் பொதுச் சுமைக்கும் அழைக்காமல், மனைவியை மகிழ்விக்க ஓராண்டு விட்டுவைக்கச் சொல்கிறது. (வீட்டில் இருக்கும்படிதான் சொல்கிறது, தீவைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.) ஆகவே புதுமணமக்கள் தனித்துச் சில நாள் கழிப்பதைக் குறை கூற நாம் துணியோம்.

தாயார் நம்மிடம் கேட்டது வழியை மட்டுமாதலால் முதலில் வழியைச் சொன்னோம். பார்படோஸ் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களை 90 நாள் வரை விசா இன்றியே உள்ளே விடுகிறது. இதைக் கேட்டவுடன் பலரும் பயணச்சீட்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கு போக நேர்விமானம் இல்லை. வழியில் லண்டனிலோ அமெரிக்க நகரொன்றிலோ இறங்கி ஏற வேண்டும். விமானம் மாறுவதற்கு மட்டுமே நின்றாலும் அமெரிக்கா தன் விசாவைக் கேட்கும். இங்கிலாந்தும் பெரும்பாலோரிடம் இடைவழி விசா கேட்கும். அதற்கு விண்ணப்பமும் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. வானத்தில் இருக்கும் நேரமே இருபது மணிக்கு மேலாகும். நிலையங்களில் காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் போக ஏறத்தாழ இரண்டு நாள், வர இரண்டு நாள். மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் கிடைத்திருப்பது பத்து நாள் விடுப்பு. நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கிய ஊரில் இறங்கி உறக்கம் சீர்ப்படுவதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும்.

பெயர்ச் சிக்கலையும் சொன்னோம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, முன்னெழுத்து விரிந்தும் விரியாமலும் கடவுச்சீட்டில் மற்றொன்று என்று நம் குடும்பங்களில் இருப்பது வழக்கமே. பயணச்சீட்டில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். திருமணமானதும் கணவன் பெயரை ஒட்டிக்கொண்டுதான் ஆக வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. மணமகள் தன் பழைய கடவுச்சீட்டிலேயே போகலாம்.

அடுத்தது காலம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கோப்பையை வென்ற நம் வீரர்களே பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டுச் சில நாள் அத்தீவிலேயே அகப்பட்டிருந்தார்கள். அதே புயல் 2024 ஜூலை 1 அன்று அருகேயுள்ள கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டது. ஆவணி மாதமோ இப்பருவத்தின் உச்சத்தில் விழுகிறது. தையில் மணம் முடித்து, தவக்காலம் பிறக்குமுன் போய் வருவோர்க்கு அங்கே மழையும் காற்றும் அடங்கிய நல்ல காலம் கிடைக்கும்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "இவ்வளவு தூரம் நம்ம சனம் யாராச்சும் போயிருக்காங்களாங்க?" என்றார். போயிருக்கிறார்கள், தேனிலவுக்கு அல்ல. 1853-இல் ஒரேலி என்னும் கப்பல் பார்படோசுக்கு அண்டையிலுள்ள மார்த்தினிக் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் இறக்கியது. அதன்பின் முப்பதாண்டுக்கு மேலாகப் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் பல்லாயிரவர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த புதுத் தம்பதிகளும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் வழியில் வந்தோர் குவாதலூப்பில் இன்றும் மாரியம்மன் கோவில் வைத்திருக்கிறார்கள். திரினிதாத் தீவில் சிபாரியா என்னும் ஊரிலுள்ள கத்தோலிக்கக் கோவிலின் மாதா சுரூபத்தை, பெரிய வியாழனன்றும் பெரிய வெள்ளியன்றும் இந்து மக்கள் திரளாக வந்து 'சிபாரி மாயி' என்று வணங்குவர். வேளாங்கண்ணியையும் நம் கருமத்தம்பட்டியையும் அறிந்தவர்க்கு இது வியப்பாயிராது. திரினிதாத் வரை போக நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த சான்றின்றி அங்கிருந்து திரும்பினால் நம் நாட்டு விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனித்து வைத்துவிடுவார்கள். அந்த ஊசியை அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவர். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று.

இவையெல்லாம் வழி. பத்திரத்தின் பேச்சு வேறு. திருமணத்தை ஒட்டி ஒரு தரப்பார் கேட்டுப் பெறும் பொருள், மணத்திற்கு முன்னோ பின்னோ எப்போது கொடுக்கப்பட்டாலும் வரதட்சணைதான் என்கிறது 1961-ஆம் ஆண்டுச் சட்டம். வாங்குவது இருக்கட்டும், கேட்பதே குற்றம். பொன்னாகக் கேட்டால் ஊர் பேசும் என்றறிந்தவர்கள் இப்போது காராகக் கேட்கிறார்கள், மண்டப வாடகையாகக் கேட்கிறார்கள், விமானச் சீட்டாகவும் கேட்கிறார்கள். சீர் வேண்டாம் என்ற பெருந்தன்மை அந்தச் சீட்டின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. நம்மை உறுத்திய கேள்வி வேறொன்று: கணவனும் மனைவியுமாய் அந்தக் கடற்கரையில் நடக்கும்போது, காலடி மணல் தன் தகப்பனாரின் இரண்டு ஏக்கர் தென்னை என்பதை அந்தப் பெண் மறந்திருப்பாளா? மறவாள் என்றால், அதை அவனிடம் சொல்வாளா? சொல்லாமல் விழுங்கிக்கொண்டு தொடங்கும் இல்லறத்தை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம்.

"மாப்பிள்ளைக்கு இந்தக் கடன் விஷயம் தெரியுமா?" என்று கேட்டோம். தாயார் விழித்தார். ஒருவரும் அவனிடம் பேசியதேயில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். "மகளே கேட்கட்டும், தொலைபேசியில் அன்று, நேரில். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் இதைக் கேட்க முடியாதென்றால் ஓலை வாசிப்பதைத் தள்ளி வையுங்கள்" என்றோம். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம் போலும். அவர் காப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துப் பையனும் பெண்ணுமாய் வந்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்யும் ஆலையொன்றில் பொறியாளராக இருக்கிறான். சீட்டுச் செலவை மாமனார் ஏற்பதாக வீட்டில் சொன்னார்கள், எப்படி ஏற்கிறார் என்று தான் கேட்கவில்லை என்று தலை குனிந்து சொன்னான். பெண் சொன்னதும் அவன் தன் தாய் தந்தையரிடம் போய்ப் பேசியிருக்கிறான். அங்கே இரண்டு நாள் அடுப்பு எரியவில்லையாம். மூன்றாம் நாள் அவன் தகப்பனாரே சூலூர் போய்ப் பத்திரத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் தாயார் இன்னும் மனம் தேறவில்லை. திருமணத்தன்று தேறுவாரா என்பதும் சந்தேகமே.

ஆவணியில் மணம், குன்னூரில் நான்கு நாள். மலை ரயிலில் இருக்கை கிடைப்பதே பாடு என்பதால் இப்போதே முன்பதிவு செய்துவிட்டார்கள். பார்படோசைக் கைவிட்டுவிடவில்லை. இருவர் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் போட்டு, மூன்றாம் ஆண்டுத் தையில் போவதாகக் கணக்கு எழுதிய தாளைக் காட்டினார்கள். பெண்ணின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இடைவழி விசாக் கட்டணத்தை மறந்திருந்தார்கள், சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.

தாயார் மட்டும் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தீவில் ஞாயிறு பூசை உண்டா என்று கேட்டார். உண்டு, பிரிட்ஜ்டவுனிலேயே புனித பத்திரிசியார் பெயரால் நம் பேராலயம் இருக்கிறது.