பழைய விசிறி, புதிய நுரை
வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள் கம்ப்யூட்டர் குப்பையிலிருந்து ஆய்வகக் கருவி செய்துகொள்கிறார்கள். கருவி எளிது. அது எதற்காகச் சுழல வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று செத்துப்போனாலும் அதற்குள் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் மிஞ்சுகின்றன. ஒன்று, சூட்டைத் தணிக்கும் சிறு விசிறி. மற்றொன்று, ஹார்ட் டிஸ்க்கினுள் இருக்கும் காந்தம். காயலான் கடைக்காரர் இரண்டையும் எடைக்குத்தான் வாங்குவார். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் பொழுதுபோக்காளர்களுக்கோ இவை பொக்கிஷம். விசிறியின் நடுக்குமிழில் காந்தத்தை ஒட்டி, ஒரு பெட்டிக்குள் பொருத்தி, மேலே கண்ணாடிக் குடுவையை வைத்தால் காந்தக் கலக்கி தயார். கல்லூரி வேதியியல் கூடங்களில் அலமாரிக்குள் பூட்டிவைக்கப்படும் அதே கருவிதான். கடையில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய்.

இவர்கள் இதில் கலக்குவது பீரை அல்ல, ஈஸ்ட்டை. பீர் தயாரிப்பில் மனிதர்கள் செய்வது பாதி வேலைதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பது, ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைப்பது, ஆறவைப்பது. இத்தோடு அவர்கள் பங்கு முடிந்தது. சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது எண்ணிக்கையில் குறைந்தாலோ சோர்ந்திருந்தாலோ நொதித்தல் தொடங்கத் தாமதமாகும். அந்த இடைவெளியில் பாக்டீரியாக்கள் புகுந்துவிடலாம். ஒரு நாள் முழுக்க உழைத்துக் காய்ச்சிய 20 லிட்டரும் சாக்கடைக்குப் போகலாம்.

எத்தனை ஈஸ்ட் வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாற்றின் அடர்த்தியை பிளேட்டோ என்ற அலகில் அளக்கிறார்கள். ஏல் வகை பீருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு சுமார் 7.5 லட்சம் செல்கள். 12 டிகிரி அடர்த்தியுள்ள 20 லிட்டர் சாறு என்றால் 18,000 கோடி செல்கள். குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்கு இதைப் போல் இரு மடங்கு. ஆனால் கடையில் கிடைக்கும் திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில், அது புதிதாக இருக்கும்போதே, சுமார் 10,000 கோடி செல்கள்தான். ஃப்ரிட்ஜில் நாளாக ஆக அதிலும் ஒரு பகுதி இறந்துவிடுகிறது.

பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழி தமிழ்ச் சமையலறைக்குப் பழக்கமானதுதான். பாலைத் தயிராக்க உறை மோர் ஊற்றுவதைப் போல, பீருக்கும் முதலில் ஓர் உறை தயாரிக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் பொடி. கால் மணி நேரம் கொதி. நன்றாக ஆறிய பிறகு ஈஸ்ட் பாக்கெட்டை அதில் ஊற்றுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் ஈஸ்ட் பெருகிவிடும். பெருகும் அளவை உயர்த்தத்தான் கலக்கி.

சும்மா வைத்த குடுவையில் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். சுழலும் திரவத்தில் அது மிதந்துகொண்டே இருப்பதால் உணவு தட்டுப்படுகிறது. கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. மேற்பரப்பு வழியாக ஆக்ஸிஜன் உள்ளே வருகிறது. செல்லின் மேலுறையைக் கட்டத் தேவையான கொழுப்புப் பொருள்களைத் தயாரிக்க ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சில தலைமுறைகளில் பெருக்கம் நின்றுவிடும். குடுவையின் வாயை இறுக்கி மூடாமல் அலுமினியத் தாளால் லேசாக மூடுவது இதனால்தான். காற்று போகலாம், தூசி விழக் கூடாது.

இனி கருவி. தேவைப்படுவது 12 வோல்ட் விசிறி ஒன்று, பழைய அடாப்டர் ஒன்று, வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டர், பிளாஸ்டிக் அல்லது மரப்பெட்டி ஒன்று. விசிறியின் வேகத்தை எல்.எம்.317 என்ற மலிவான ஐ.சி.யைக் கொண்டே கட்டுப்படுத்திவிடலாம். பெட்டியின் மேல்தட்டு இரும்பாக இருக்கக் கூடாது. காந்த விசையை இரும்பு திசை திருப்பிவிடும். குடுவைக்குள் போடுவதற்கு டெஃப்லான் பூசிய சிறு காந்தக் குச்சி ஒன்று. இதை மட்டும் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்கியாக வேண்டும். கீழே விசிறியோடு பெரிய காந்தம் சுழல, மேலே குச்சி அதைப் பின்தொடர்ந்து சுழலும். நடுவில் கண்ணாடி இருப்பதால் குடுவைக்குள் தண்டோ துளையோ தேவையில்லை. ஈஸ்ட் வளர்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. கிருமி நுழைய வழி இல்லை.

கோட்டை விடும் இடங்களும் உண்டு. முதலாவது, காந்தத்தின் முனைகள். குச்சியின் ஒரு நுனி வட முனை, மறு நுனி தென் முனை. அதைப் பிடித்திழுக்கக் கீழேயும் இரு முனைகளும் மேல்நோக்கி இருக்க வேண்டும். வட்டக் காந்தங்கள் இரண்டை ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவிழ்த்து ஒட்ட வேண்டும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் ஒரே முகத்தில் இரு முனைகளும் இருப்பதால் ஒன்றே போதும். இரண்டாவது, மையம். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெட்டி நடுங்கும், குச்சி தெறித்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பசை வைப்பதற்கு முன் காந்தத்தை நகர்த்தி நகர்த்திச் சுழலவிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது, காந்தம் விசிறி மோட்டாருக்கு மிக அருகில் இருந்தால் மோட்டாரே தடுமாறும். இடையில் ஓரிரு வாஷர்கள் வைத்தால் சரியாகும்.

வேகமும் ஒரு மயக்கம். குடுவைக்குள் ஆழமான சுழல் தோன்றுவது பார்க்க அழகு. ஈஸ்ட்டுக்கு அது அவசியமில்லை. மேற்பரப்பில் சிறு குழி விழும் அளவு சுழன்றால் போதும். கலக்கியே வேண்டாம், நினைத்தபோதெல்லாம் குடுவையைக் குலுக்கினால் போதும் என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். உலர் ஈஸ்ட் வாங்குபவர்களுக்கு உறையே தேவையில்லை. அதில் செல்களும் அதிகம், அவற்றுக்கு வேண்டிய சேமிப்பும் உள்ளேயே இருக்கிறது. கருவி செய்து முடித்த பிறகு இது தெரியவந்தால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம்.

காந்தக் கலக்கிக்கு அமெரிக்காவின் ஆர்தர் ரோசிங்கர் 1944இல் காப்புரிமை பெற்றார். ஈஸ்ட்டைத் தனியே வளர்க்கும் கலை அதற்கும் முந்தையது. பீர் கெட்டுப்போவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று லூயி பாஸ்டர் 1876இல் ஒரு நூலே எழுதினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். ஆலை அதிபர் ஜே.சி. யாகப்சன் அதைப் பூட்டிவைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். இன்று ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் பொழுதுபோக்காளர் ஆய்வகத்துக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார். ஆனால் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் அவரும் வந்திருக்கிறார்.

சட்டத்தின் கதவு திறக்க இன்னும் நாளானது. மதுவிலக்கு 1933இல் முடிந்த பிறகும் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்தது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது. மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பதால் கடைசி இரண்டான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இறங்கிவந்தன.

இந்தியாவில் மது மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். ஆனால் காந்தக் கலக்கிக்கு பீர்தான் வேண்டும் என்றில்லை. உப்பைக் கரைக்கவும், அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கவும், ரொட்டி ஈஸ்ட் பெருகுவதை மாணவர்களுக்குக் காட்டவும் அது உதவும். பாகங்களுக்கும் பஞ்சமில்லை. மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு என்று எல்லா ஊரிலும் ஒரு சந்தை இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் உள்ள எஸ்.எஸ்.டி.யில் காந்தம் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத்தான் தேட வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. இந்த நியோடிமியம் காந்தங்கள் உருவத்தில் சிறியவை, பிடியில் முரடானவை. இரண்டுக்கும் நடுவே விரல் சிக்கினால் ரத்தம் கட்டும். மோதினால் உடைந்து சில்லுகள் பறக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் விலகியிருப்பது நல்லது. கொதிக்கும் குடுவையை நேராகப் பனிக்கட்டியில் வைப்பதும் கூடாது. சாதாரணக் கண்ணாடி தாங்காது, உயர்ந்த கண்ணாடிக்கும் உத்தரவாதமில்லை.

பள்ளிக் கூடங்களில் கலக்கி இல்லாததற்குப் பணம்தான் காரணம் என்று சொல்வதுண்டு. பழைய விசிறியும் காந்தமும் அந்தச் சாக்கைப் பறித்துவிடுகின்றன. சந்தையில் வாங்கிய கருவியை இயக்க ஒரு பொத்தான் தெரிந்தால் போதும். கையால் செய்த கருவி ஓட வேண்டுமானால் முனை, மையம், தூரம், வேகம் நான்கும் தெரிய வேண்டும். அதையும் மாணவர்களே செய்தால் கருவியோடு பாடமும் கிடைக்கும். சட்டமும் குறுக்கே வராது. குடுவைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் அது கேட்கும், அடியில் சுழல்வது எது என்று கேட்காது.