திருப்பிப் போடு, ஆனா லூப் போடாதே!

எட்டு பிட் எண் ஒண்ணு. அதோட பிட்களைத் தலைகீழ் வரிசையில திருப்பணும். லூப் கூடாது, டேபிள் கூடாது. அண்ட், ஆர், ரெண்டு ஷிஃப்ட், ஆக நாலே ஆபரேட்டர்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவங்க பலரும் பார்த்திருக்கிற கேள்வி. "வேலைல இதெல்லாம் யாருப்பா கேக்கறா?"ன்னு நம்ம பசங்க சலிச்சுக்குவாங்க. என் கட்சி வேற. கேள்வி அருமையான கேள்வி. விடையை உருப்போடற பழக்கம்தான் அதைக் கெடுக்குது.

எப்படின்னு பாருங்க. 22ஐ எடுத்துக்குவோம்: 00010110. முதல்ல ரெண்டு பாதியையும் இடம் மாத்தினா 01100001. அடுத்து ஒவ்வொரு பாதிக்குள்ளயும் ஜோடிகளை மாத்தினா 10010100. கடைசியா பக்கத்துப் பக்கத்து பிட்களை மாத்தினா 01101000, அதாவது 104. வேலை முடிஞ்சது! ஜோடிகளைப் பிரிக்க 51, 204. ஒத்தை பிட்களைப் பிரிக்க 85, 170. இந்த எண்களோட அண்ட் பண்ணி, ஷிஃப்ட் பண்ணி, ஆர்ல சேர்க்கணும், அவ்வளவுதான். லூப் போட்டா எட்டு சுத்து. இங்கே மூணே படி. 32 பிட்டுக்கும் அஞ்சே படிதான். லூப்பைத் தடுத்ததாலதான் இந்த வழி கண்ணுல படுது.

பயன் இல்லையான்னா, இருக்கு. எஃப்.எஃப்.டி. கணக்குல எட்டு மதிப்புகளை 0, 4, 2, 6, 1, 5, 3, 7னு அடுக்குவோமே, அது மூணு பிட்டைத் திருப்பின வரிசைதான். நிஜ புராஜெக்ட்ல 256 இடம் உள்ள டேபிள் போதும், ஏ.ஆர்.எம். சிப்கள்ல இதுக்குன்னே 'ஆர்பிட்'னு ஒரு கட்டளை இருக்கு. ஒத்துக்கறேன்.

1972ல எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடம் வெளியிட்ட 'ஹேக்மெம்' தொகுப்புல பெருக்கல், அண்ட், வகுத்து மீதி எடுக்கறது, இந்த மூணையே வெச்சு பிட்களைத் திருப்பற வித்தை ஒண்ணு உண்டு. அபாரமான வித்தை! ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு புரியாம மனப்பாடம் பண்ணினா அது வெறும் மந்திரம்தான்.

கேள்வி கேட்கிறவர் எட்டை ஆறுன்னு மாத்தினா மந்திரம் பலிக்காது. புரிஞ்சவனுக்குப் பிரச்சினையே இல்லை: மூணு மூணாப் பிரிச்சு இடம் மாத்து, ஒவ்வொரு மூணுலயும் ஓரங்களை மாத்து, நடுவுல இருக்கறதைத் தொடாதே.

அதனால அடுத்த தடவை விடையைத் தேடறதுக்கு முன்னாடி, ஒரு காகிதத்துல பத்து நிமிஷம் ஒண்ணும் பூஜ்யமும் எழுதிப் பாருங்க. பன்னிரண்டு பிட்டுக்கு எத்தனை படி வரும்?